தலைப்பில் எலியையும் சேர்த்துப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தசைச்சிதைவு நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது என்கிற மாதிரி போன வாரம் உங்கள் நாளிதழில் ஒரு செய்தி வந்திருந்தது. தலைப்பையும் முதல் பத்தியையும் படித்தவர்கள் அடுத்த மாதமே மெடிக்கல் ஷாப்பில் போய்க் கேட்டிருப்பார்கள். சோதனை நடந்தது எலிகளிடம் என்பது கடைசி வரியில்தான் இருந்தது. அந்த மாதிரி எலிகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை, ஓர் ஆய்வுக்கூடத்தின் அனிமல் ஹவுஸில் டெக்னீஷியன். ("எலி பிடிக்கிற வேலையா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை, அது கிடக்கட்டும்.)

டுஷேன் தசைச்சிதைவு பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வருவது. தசை நாரைக் காக்கிற டிஸ்ட்ரோபின் என்ற புரதம் உடம்பில் உருவாகாது. அப்படி ஒரு புரதம் இருப்பதையே 1987-இல்தான் கண்டுபிடித்தார்கள். மூன்று நான்கு வயதில் பையன் மாடிப்படி ஏறத் திணறுவான், தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றி ஊன்றி எழுவான், 12 வயதுவாக்கில் பெரும்பாலும் சக்கர நாற்காலிதான். இதே புரதம் இல்லாத சுண்டெலி வகை ஒன்று உண்டு, பெயர் எம்டிஎக்ஸ். 1984-இல் வெளியான ஆய்வில் வெளியுலகுக்குத் தெரிந்தது, யாரும் உண்டாக்காமல் வளர்ப்பு எலிகளிடையே தானாக வந்த மரபணு மாற்றம். டுஷேனுக்கு என்று எந்த மருந்து யோசித்தாலும் பெரும்பாலும் முதலில் இதற்குத்தான் கொடுத்துப் பார்க்கிறார்கள்.

இந்த எலியை நேரில் பார்த்தால் நோயாளி என்றே சொல்ல மாட்டீர்கள். கூண்டின் கம்பி மூடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு போகும், குட்டி போடும், வயதாகியும் நடமாடும். அதற்கும் தசை நார்கள் சாகத்தான் செய்கின்றன. பிறந்த மூன்றாவது வாரத்தில், அதாவது நாங்கள் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து வேறு கூண்டில் விடுகிற சமயத்தில் ஆரம்பிக்கும். ஆனால் எலியின் உடம்பு சளைக்காமல் புதுத் தசையை வளர்த்துக்கொண்டே இருக்கிறது, பிள்ளையின் உடம்பால் அப்படி ஈடுகொடுக்க முடிவதில்லை. எலியில் மனிதனுக்கு வருகிற அளவு சேதம் பார்க்க வேண்டுமென்றால் மூச்சுவிட உதவும் உதரவிதானத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் இந்த மாதிரி செய்திகளில் வருகிற "40 சதவீதம் வலு கூடியது" மாதிரி எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று சொல்கிறேன். எலியின் முன்னங்கால்களை ஒரு கருவியின் கம்பி வலைமேல் வைத்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், வாலடியைப் பிடித்து நேராகப் பின்னால் இழுக்க வேண்டும், பிடி விடுகிற நொடியில் எத்தனை கிராம் என்று திரையில் நிற்கும். கொஞ்சம் மேலே தூக்கி இழுத்தாலோ வெடுக்கென்று இழுத்தாலோ எண் மாறிவிடும். நான் இழுத்தால் ஒன்று, பக்கத்தில் நிற்பவர் இழுத்தால் வேறொன்று. அதனால்தான் ஒரே ஆள், ஒரே நேரம், எந்த எலிக்கு மருந்து எதற்கு வெறும் உப்புநீர் என்பது இழுப்பவருக்குத் தெரியவே கூடாது. எம்டிஎக்ஸில் இன்னொரு சங்கதியும் உண்டு. பிடரித் தோலைப் பிடித்துச் சில விநாடி அடக்கி வைத்தாலே போதும், கீழே விட்ட பிறகும் அசையாமல் விறைத்து உட்கார்ந்திருக்கும். டிஸ்ட்ரோபின் மூளையிலும் இருக்க வேண்டிய புரதம், அது இல்லாததால் பயம் சாதாரண எலியைவிட அதிகம். பழகாத கையால் பிடித்துவிட்டு உடனே ஓடவிட்டு அளந்தால் பயத்தைப் போய்த் தசை பலவீனம் என்று நோட்டில் எழுதிவிடுவோம். இதற்காகவே கூண்டு மாற்றும்போது வாலைப் பிடித்துத் தூக்காமல் ஒரு குழாய்க்குள் நுழையவிட்டு எடுக்கிறோம்.

எலியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, என் சோறே அதில்தான் இருக்கிறது. மரபணுச் செய்தியில் பழுதான இடத்தைத் தாண்டிப் படிக்கவைக்கிற உத்தி எம்டிஎக்ஸில் பலித்துக் காட்டியது. அந்த வழியில் வந்த எடெப்லிர்சென் மருந்துக்கு 2016-இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது, பலன் எவ்வளவு என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே இன்னும் வாக்குவாதம். இன்னொரு பக்கம், எலியில் நன்றாக வேலை செய்த எஸுட்ரோமிட் என்ற மருந்து, பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது பலன் தரவில்லை என்று 2018-இல் கைவிடப்பட்டது. எலியில் பலித்தபோது வருகிற செய்தி பிள்ளைகளிடம் பலிக்காதபோது அநேகமாக வருவதே இல்லை.

அன்றைக்கு உங்கள் செய்தியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு எங்கள் தெருவில் ஒரு அம்மா என் வீட்டுக்கே வந்துவிட்டார், மகனை அந்த மருந்துக்கு எங்கே பதிவு செய்வது என்று கேட்டு. மனிதர்களிடம் இன்னும் சோதனையே ஆரம்பிக்கவில்லை என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அவர் மேல் என்ன தப்பு, தலைப்பு அப்படி.

அடுத்த முறை இப்படிச் செய்தி போடும்போது "எலிகளிடம்" என்ற சொல் தலைப்பிலேயே இருக்கட்டும். எத்தனை எலி, என்ன வயது, அளந்தவருக்கு எது மருந்து கொடுத்த எலி என்று தெரியுமா தெரியாதா, மனிதர்களிடம் சோதனை எந்தக் கட்டத்தில் இருக்கிறது, இவ்வளவையும் உங்கள் நிருபர் ஆய்வாளரிடம் ஒரே போனில் கேட்டுவிடலாம். மூலக் கட்டுரையிலும் பெரும்பாலும் இருக்கும். இடம் போதவில்லை என்றால் அந்த மைக்ரோஸ்கோப் படத்தை எடுத்துவிடுங்கள், பார்த்தவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

இப்படிக்கு,
அனிமல் ஹவுஸ் டெக்னீஷியன் ஒருவர், கோவை
(பெயர் வெளியிட வேண்டாம்)