ஆறாவது உறை

ஸ்காபரோ,
தை 18

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் முந்தாநாள் கிடைத்தது. விளக்கீட்டன்று எழுதியிருக்கிறீர்கள், இங்கு வந்து சேரப் பொங்கலும் முடிந்துவிட்டது. உறையில் உங்கள் கையெழுத்தைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றவும் பொறுமையில்லாமல் படியிலேயே இருந்து வாசித்தேன். ஐந்து மாதமாக நான் ஒரு வரியும் எழுதவில்லை. போனில் "சாப்பிட்டியா?" "ஓம், சாப்பிட்டேன்" என்பதோடு சரி. நீங்கள் கோபித்திருந்தால் அதில் நியாயம் இருக்கிறது. இன்று ஆறுதலாக எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

குளிர்தான் முதல் செய்தி. நேற்றுக் காலை -19. என் அறை நிலத்துக்குக் கீழே இருப்பதால் பனி கொட்டினால் யன்னல் மூடிவிடும், பகல் பன்னிரண்டு மணிக்கும் விளக்குப் போடவேண்டும். ஆனால் சூட்டுக் குழாய் என் கட்டிலுக்குப் பக்கத்தால்தான் போகிறது. மேலே இருப்பவர்களைவிட எனக்குத்தான் சூடு என்று சின்னக்காவுக்குச் சொல்லுங்கள், கவலைப்பட வேண்டாம். வேலை இப்போது கிழமையில் மூன்று நாள். குளிர்காலத்தில் எல்லா இடமும் அப்படித்தான், பங்குனியோடு கூடிவிடும். உடம்புக்கும் ஓய்வு.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஒடியல் மாவிலிருந்து முருங்கையிலை வரை தமிழ்க் கடைகளில் இருக்கிறது. பொங்கலன்று கொஞ்சம் பொங்கி மேல்வீட்டுப் பெரியவருக்கும் கொடுத்தேன். அவருக்குப் புட்டென்றால் இன்னும் விருப்பம். தேங்காய்ப்பூப் போட்ட புட்டின் மேல் மேப்பிள் மரத்துப் பாணியை ஊற்றிச் சாப்பிடுவார். முதல்முறை பார்த்தபோது எனக்கு ஒருமாதிரி இருந்தது. பிறகு நானும் அப்படிச் சாப்பிட்டேன். நீங்கள் ஒட்டுசுட்டான் பக்கமிருந்து போத்தலில் கொண்டுவரும் தேனோடு நாங்கள் சாப்பிட்டதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெரியவரைப் பற்றி நீங்கள் கேட்டிருந்தீர்கள். எழுபது வயதிருக்கும், தனி ஆள். வீட்டுச் சுவரில் ஆறு கண்ணாடிச் சட்டங்கள் வரிசையாக மாட்டியிருந்தார். ஐந்துக்குள் படம், ஆறாவது வெறும் சட்டம். முதல்நாள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்கக் கூச்சப்பட்டேன். இரண்டாம் முறை கேட்டேன். அன்று இரவு பத்து மணிவரை அங்கேயே இருந்துவிட்டேன்.

லெட் செப்பெலின் என்ற ஆங்கிலக் குழு 1979 ஆகஸ்டில் வெளியிட்ட இசைத்தட்டின் உறைகள்தான் அவை, தட்டின் பெயர் 'இன் த்ரூ தி அவுட் டோர்'. ஏழு பாட்டு. தட்டு ஒன்றுதான், உறையோ ஆறு விதம். ஒரு மதுக்கடைக்குள் வெள்ளை உடுப்புக்காரன் ஒருவன் தனக்கு வந்த கடிதத்தை எரிக்கிறான். அந்த ஒரு கணத்தை, அங்கே நிற்கும் ஆட்கள் ஒவ்வொருவருடைய கண்ணாலும் தனித்தனியாகப் படம் எடுத்திருக்கிறார்கள். ஒரு படத்தில் பார்க்கிற ஆள், மற்றப் படத்தில் பார்க்கப்படுகிற ஆள். ஹிப்னோசிஸ் என்ற வடிவமைப்புக் குழுவினர் இதற்காகவே இலண்டனில் ஒரு படப்பிடிப்பு அறைக்குள் மதுக்கடையைக் கட்டி எழுப்பினார்களாம். படம் பழுப்பேறிப் பழசுபோல இருக்கும். நடுவில் மட்டும் தூசி பிடித்த கண்ணாடியைக் கையால் துடைத்துவிட்டதுபோல ஓரிடம் தெளிவாக இருக்கும்.

வாங்குபவனுக்கு எந்தப் படம் கிடைக்கும் என்று தெரியாது. சங்கக்கடையில் சீனி கட்டித் தருவார்களே, அதுபோன்ற மண்ணிறக் கடதாசிப் பைக்குள் எல்லாவற்றையும் போட்டுத்தான் விற்றார்கள். பையைப் பிரித்தால்தான் விடை. ஆறும் சேர்க்க நினைப்பவர்கள் படத்தைப் பார்ப்பதற்கு முன் உறையின் முதுகைத்தான் பார்ப்பார்கள். ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்து அங்கே இருக்கும். அமெரிக்கத் தட்டென்றால் எண் எஸ்எஸ் 16002, பிரித்தானியத் தட்டென்றால் எஸ்எஸ்கே 59410. பிறகு தட்டைச் சரித்துப் பிடித்து, பாட்டு முடிகிற இடத்துக்கும் நடு லேபலுக்கும் இடையில் கீறியிருக்கும் எழுத்துகளை வாசிக்கவேண்டும். எந்த அச்சிலிருந்து வந்தது என்று அதில் தெரியும். பெரியவருக்குக் கண் மங்கிவிட்டதால் நான்தான் ரோர்ச் அடித்து வாசித்துச் சொல்கிறேன்.

உள்ளுறையில் இன்னொரு வேலை செய்திருக்கிறார்கள். பார்வைக்குக் கறுப்பு வெள்ளைப் படம். ஈரத் தூரிகையால் தடவினால் நிறம் வந்துவிடும், காய்ந்தாலும் போகாது. தண்ணீர் படாத உள்ளுறைதான் நல்ல விலை போகும் என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பெரியவரின் ஒன்றில், 1979இல் அவருடைய தங்கை விரலை நனைத்து ஒரு மூலையில் மட்டும் தேய்த்துவிட்டாள். அந்த விரலளவு நிறம் இன்றும் அப்படியே இருக்கிறது. ஆறிலும் அதுதான் வடிவு.

அவரிடம் இல்லாதது டி. வேலையில்லாத நாட்களில் பஸ் எடுத்துப் பழைய சாமான் கடைகளுக்குப் போய்த் தேடத் தொடங்கினேன். கடிதத்தில் படித்துவிட்டு, காசைக் கரைக்கிறான் என்று நினைக்க வேண்டாம். பெட்டிக்குள் தட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பதற்கு யாரும் காசு கேட்பதில்லை, உள்ளே சூடாகவும் இருக்கும். ஐப்பசியில் ஒருநாள் டி அகப்பட்டது. பை இல்லை, மூலை மடங்கியிருந்தது. ஆறு டொலர். கொண்டுபோய்க் கொடுத்தபோது பெரியவர் ஒன்றும் கதைக்கவில்லை. கதிரையில் ஏறிச் சட்டத்தைக் கழற்றப் போனவரை நான்தான் பிடித்து இறக்கினேன். தன்னிடம் இரண்டாக இருந்த ஏ-யையும் சி-யையும் எனக்குத் தந்துவிட்டார். இப்போது என்னிடமும் இரண்டு இருக்கின்றன. மற்ற நான்கையும் நானும் சேர்க்கப் போகிறேன், அப்பா. எத்தனை வருடம் எடுத்தாலும் சரி.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய வீட்டில் போட்டுக் கேட்போம். நிமிடத்துக்கு 33⅓ சுற்று. தட்டுச் சுற்றுவதைப் பார்க்கும்போது எங்கள் சைக்கிள் ஞாபகம் வரும். கரண்டும் இல்லாமல், பற்றரியும் வராமல் இருந்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து நானும் சின்னக்காவும் மாறிமாறிச் சுற்ற, டைனமோவில் கசற் பாடும். கை களைத்தால் பாட்டு இழுபடும். "சுற்றடா தம்பி!" என்று குசினிக்குள்ளிருந்து அம்மா கத்துவார்.

இரண்டாம் பக்கத்தின் நடுப் பாட்டை நான் அதிகம் கேட்பதில்லை. 1977 யூலையில் பாடகர் றொபேட் பிளான்ற் அமெரிக்காவில் ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்தபோது, இங்கிலாந்தில் அவருடைய ஐந்து வயது மகன் வருத்தம் வந்து இறந்துவிட்டான். அந்தப் பாட்டு அந்தப் பிள்ளைக்கு. அம்மாவின் செய்தி வந்தபோது நான் வேலைத்தலத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். உங்களிடம் இதைச் சொன்னதில்லை. போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு மிச்சப் பெட்டிகளையும் அடுக்கினேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அறைக்கு வந்து பார்த்தால், வைத்துக் கும்பிட அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை. வலைஞர்மடத்தில் விட்டுவந்த இரும்புப் பெட்டியோடு எல்லாம் போனதுதானே. அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து நீங்கள் அனுப்பினீர்கள். அதில் இருப்பது அம்மாவின் முகம்தான், ஆனால் அம்மா அப்படி ஒருநாளும் இருந்ததில்லை.

இதனால்தான் பெரியக்காவின் கலியாணப் படங்களைக் கேட்டு எல்லோரையும் கரைச்சல்படுத்துகிறேன். 2003இல் சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்தபடியால் வெளிநாட்டிலிருந்து அத்தனை பேர் கமராவோடு வந்தார்கள், படங்களைத் தங்களோடு கொண்டும் போய்விட்டார்கள். நல்லகாலம். இதுவரை நான்கு கிடைத்திருக்கின்றன. நான்கும் தாலி கட்டுகிற அந்த நேரம். சுவிஸ் மாமாவுடையதில் அம்மா ஆலாத்தித் தட்டோடு பக்கவாட்டாக நிற்கிறார். இலண்டன் பெரியம்மாவுடையதில் தூணுக்குப் பின்னால், இடுப்பில் யாருடைய பிள்ளையோ தெரியவில்லை. மொன்றியல் அத்தானுடையதில் கையும் காப்பும் மட்டும். நீர்கொழும்பு அன்ரி அனுப்பியதில் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார். முன்னாலிருந்து எடுத்தது ஒன்றும் இல்லை. மணவறைப் பக்கம் நின்று எடுத்தவர் யார் என்று இவ்வளவு காலமும் யோசித்தேன். வவுனியாச் சின்னம்மாவிடம் இரண்டு படம் இருக்கிறதாம் என்று நீங்கள் எழுதியதைத்தான் படியில் இருந்து திரும்பத் திரும்ப வாசித்தேன்.

சரி, வீட்டு விஷயங்களுக்கு வருகிறேன். காணிப் பெமிற்றில் பின்னுரித்துக்கு, உங்களுக்குப் பிறகு காணி யாருக்கு என்பதற்கு, யார் பெயரைப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். சின்னக்காவின் பெயரைப் போடுங்கள். வட்டக்கச்சியில் நின்று வாய்க்காலில் தண்ணீருக்குச் சண்டை பிடிப்பதும், உங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்குவதும் அவதான். எனக்கு மனக்குறை ஒன்றும் இல்லை. பெரியக்காவோடு நானே கதைக்கிறேன், நீங்கள் இடையில் நிற்க வேண்டாம். பிரதேச செயலகத்துக்குத் தனியாகப் போகாமல் அத்தானையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இந்த மாதக் காசு இரண்டு கிழமை பிந்தும். வங்கிக் கணக்கை மாற்றுகிறேன், அவ்வளவுதான். உழவு மெசின்காரனுக்கு மாசிக்குள் தருவதாகச் சொல்லுங்கள். மூத்தவளின் சோதனைக் கட்டணத்தை மட்டும் பிந்தவிடாமல் நீங்கள் கட்டிவிடுங்கள், சேர்த்து அனுப்புகிறேன். பிரசர்க் குளிசையைப் பாதியாக உடைத்துப் போடுகிறீர்களாம் என்று சின்னக்கா சொன்னா. அப்படிச் செய்ய வேண்டாம்.

வவுனியாவுக்கு நீங்களே போனால் நல்லது. படத்தை அல்பத்திலிருந்து இழுத்துப் பிய்க்கவிடாதீர்கள், பிளாஸ்ரிக் தாளோடு ஒட்டியிருக்கும், முகம் உரிந்துவிடும். ஒட்டியிருந்தால் அல்பத்தோடு அப்படியே மேசையில் வைத்து, வெயில் நேரே படாத இடத்தில், அங்கே யாருடைய போனாலாவது எடுக்கச் சொல்லுங்கள். கழன்று வந்தால் பின்பக்கத்தையும் எடுக்கவேண்டும். ஸ்ரூடியோ முத்திரை இருக்கும், யாராவது ஏதாவது எழுதியும் வைத்திருப்பார்கள். அம்மாவின் கையெழுத்தாகவும் இருக்கலாம்.

உங்கள் அன்பு மகன்,
தம்பி