புது மிக்ஸருக்கு வசூல் செய்வதற்கு முன்...

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இங்கே மொரிஷியஸில் கோயில்களிலும் சங்கக் கூடங்களிலும் மைக்குகளின் ஒலியைக் கலந்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும் டிஜிட்டல் மிக்ஸர்கள் பழசாகிவிட்டன, அடுத்த தைப்பூசக் காவடிக்குள் வசூல் செய்து புதிது வாங்க வேண்டும் என்று வாசகர் ஒருவர் நம் பத்திரிகையில் எழுதியிருந்தார். அவர் சொன்ன குறைகள் எல்லாம் உண்மை. மேடையில் பேசுவது பின்வரிசைக்குப் புரிவதில்லை, மைக் கத்துகிறது, பஜனையில் ஆர்மோனியம் மட்டும்தான் கேட்கிறது. ஆனால் இதற்குப் புது மிக்ஸர்தான் மருந்து என்பதை என்னால் ஏற்க முடியவில்லை, ஏனென்றால் நான் வேலை பார்க்கும் கோயில்களில் பெரும்பாலான மிக்ஸர்கள் வாங்கிய அன்று எந்த மென்பொருளோடு வந்தனவோ அதே மென்பொருளோடுதான் இன்றும் ஓடுகின்றன, அதற்குப் பிறகு தயாரிப்பாளர்கள் காசு வாங்காமல் கொடுத்த வசதிகளை ஏற்றிப் பார்த்தவர் யாருமில்லை.

பழைய அனலாக் மிக்ஸரில் எத்தனை குமிழ் உண்டோ அத்தனை வேலைதான் செய்ய முடியும். டிஜிட்டல் மிக்ஸருக்குள் இருப்பது கம்ப்யூட்டர். பெரிங்கர் கம்பெனியின் எக்ஸ்32 மிக்ஸர் 2012இல் வந்தது, அப்போது அதில் தானாக மைக்கைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோமிக்ஸ் வசதி கிடையாது, பின்னால் வந்த ஒரு அப்டேட்டில்தான் சேர்த்தார்கள். யமாஹாவின் சிஎல் வரிசை மிக்ஸர்களும் அதே வருஷம் வந்ததுதான், அதற்கும் இந்த வசதி பிற்பாடு மென்பொருளாகவே வந்து சேர்ந்தது. ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல் கிடைத்த வசதி இது. நம் கோயில்களில் எக்ஸ்32 வைத்திருக்கும் எத்தனை பேர் இதை ஒரு தடவையாவது தொட்டுப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இந்த ஆட்டோமிக்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நம் ஊர் மேடைக்கு இதைவிட உபயோகமானது வேறு இல்லை. வருஷப்பிறப்பு விழா என்றால் மேடையில் தலைவர் இருப்பார், செயலாளர் இருப்பார், அமைச்சர் வந்திருப்பார், தமிழில் ஒருவர் பேச அடுத்தவர் கிரியோலில் தொடங்குவார், நடுவே ஒருவர் பிரெஞ்சில் நன்றி சொல்வார், எல்லார் முன்னாலும் ஒரு மைக், எல்லாமே திறந்து கிடக்கும். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும், கத்தாமல் ஏற்றக்கூடிய அளவில் 3 டெசிபல் போய்விடும். இரண்டு மைக் என்றால் 3, நான்கு என்றால் 6, எட்டு என்றால் 9. ஆக எட்டு மைக் திறந்த மேடையில் சவுண்ட்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒன்று ஒலியைக் குறைக்க வேண்டும், இல்லை என்றால் கத்தலைக் கேட்க வேண்டும். சிலர் கேட் போட்டுச் சமாளிப்பார்கள். கேட் என்பது ஒரு அளவுக்கு மேல் சத்தம் வந்தால்தான் திறக்கும், அதனால் மெதுவாகத் தொடங்குகிறவரின் முதல் எழுத்தை விழுங்கிவிடும், ‘வணக்கம்’ என்று அவர் சொன்னால் கூடத்தில் ‘ணக்கம்’ என்றுதான் விழும்.

இதற்கு வழி கண்டுபிடித்தவர் டான் டூகன், 1970களில் சான் பிரான்சிஸ்கோவில் நாடகங்களுக்கு ஒலி அமைத்துக்கொண்டிருந்தவர். அவருடைய முறை எளிது. எல்லா மைக்குக்கும் சேர்த்து மொத்த அளவு ஒன்றுதான், அது மாறவே மாறாது. அந்த நொடியில் மொத்தச் சத்தத்தில் எந்த மைக்குக்கு எவ்வளவு பங்கோ அந்த அளவுக்கு அது திறக்கும். ஒருவர் மட்டும் பேசினால் அவர் மைக் முழுதாகத் திறக்கும், மற்றவை தானாக இறங்கும். இருவர் சேர்ந்து பேசினால் ஆளுக்கு 3 டெசிபல் குறையும். யாரும் பேசாதபோது எல்லா மைக்கும் சம பங்கில் தாழ்ந்து கிடக்கும். எப்படிப் பார்த்தாலும் ஒரே ஒரு மைக் திறந்திருப்பது போன்ற நிலைதான், வெட்டு இல்லை, எழுத்தும் போகாது. எக்ஸ்32இல் இது முதல் 8 சானல்களுக்கு (மைக் செருகும் வழிகளுக்கு) மட்டும், அதனால் பேச்சு மைக்குகளை 1 முதல் 8 வரை செருகும் பழக்கம் வேண்டும். பல இடங்களில் மிருதங்கத்தை முதல் சானலில் போட்டுவிட்டுப் பேச்சு மைக்கை 20க்கு மேல் கொண்டுபோகிறார்கள். வாத்தியங்களையும் பாடுகிறவர்களையும் ஆட்டோமிக்ஸில் சேர்க்கவே கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும், மிருதங்கம் ஓங்கும்போதெல்லாம் பாட்டு அமுங்கும். மேடைக்குப் பக்கத்திலேயே தவில் வாசித்தால் அந்தச் சத்தம் எல்லாப் பேச்சு மைக்கிலும் புகுந்து பங்கு கேட்கும், அங்கே இந்த வசதி அவ்வளவாக உதவாது.

அப்புறம் பதிவு. தைப்பூசத்துக்குக் கொடியேற்றிய நாளிலிருந்து தினமும் மாலையில் பூஜை, பாட்டு, அதே ஓதுவார், பெரும்பாலும் அதே குழு. முதல் நாள் மாலையில் ஒரு லேப்டாப்பை யுஎஸ்பி வழியாகச் சேர்த்து ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியாகப் பதிவு செய்துகொண்டால், மறுநாள் மதியம் ஆளே இல்லாத கோயிலில் அதை மிக்ஸருக்குள் திருப்பி அனுப்பி, அந்த மைக்குகள் நேரில் திறந்திருப்பது போலவே வைத்து நிதானமாக ஈக்யூ (கனத்த ஒலியையும் கூர்மையான ஒலியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைப்பது) பார்க்கலாம். 32 சானல், 48 கிலோஹெர்ட்ஸ் (ஒலியை நொடிக்கு 48 ஆயிரம் தடவை அளந்து பதிவது), 24 பிட் (ஒவ்வொரு அளவையும் எழுதும் நுணுக்கம்) என்றால் ஒரு மணி நேரத்துக்கு 16, 17 ஜிபி ஆகும், இன்றைக்கு அது பெரிய விஷயமே இல்லை. நம் பிள்ளைகள் சவுண்ட் பழக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. விழா நேரத்தில் ஒரு பையனை ஃபேடர் (ஒலியை ஏற்றி இறக்கும் தள்ளுகுமிழ்) பக்கம் விட யாருக்கும் தைரியம் வராது, பதிவை வைத்துப் பழகினால் அவன் என்ன செய்தாலும் யாருக்கும் தொந்தரவு இல்லை. பழகி முடித்ததும் உள்ளீட்டை மறுபடி மேடை மைக்குகளுக்கு மாற்றிவிட வேண்டும், அதை நினைவில் வைத்துச் செய்வதைவிட இரண்டு சீன்களாக (மிக்ஸரின் மொத்த அமைப்பையும் அப்படியே பதிந்து வைப்பதுதான் சீன்) சேமித்து ஒரு பொத்தானில் மாற்றுவது நல்லது.

சீன் என்றதும் சொல்ல வேண்டிய இன்னொன்று உண்டு. மிக்ஸரோடு வரும் ப்ரிசெட் (ஒரு வாத்தியத்துக்கென்று முன்பே செய்துவைத்த அமைப்பு) பட்டியலைத் திறந்தால் கிக், ஸ்னேர், பேஸ், கிட்டார் என்று மேல்நாட்டு வாத்தியங்களாகவே நீளும், தவில் இருக்காது, நாதஸ்வரம் இருக்காது, உடுக்கை இருக்காது. நமக்கு வேண்டியதை நாமேதான் செய்துகொள்ள வேண்டும், டிஜிட்டலில் அதைச் செய்யவும் முடியும். தவிலுக்கு இரு பக்கமும் மைக் வைத்தால் ஒன்றின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல் கீழ்த் திசையை) திருப்பிப் பார்த்து, எப்படி வைத்தால் அடி நிறைவாகக் கேட்கிறதோ அப்படி வைக்க வேண்டும், விரல்கூடு விழும் பக்கத்துக்கும் குச்சி விழும் பக்கத்துக்கும் ஈக்யூ வேறு வேறு. ஒரு கோயிலில் பொறுமையாக அமைத்ததைச் சானல் ப்ரிசெட்டாக யுஎஸ்பியில் எடுத்து, அதே மாடல் வைத்திருக்கும் இன்னொரு கோயிலுக்குக் கொடுக்கலாம். கெயினை (மைக்கிலிருந்து வரும் ஒலியை முதலில் ஏற்றும் அளவை) மட்டும் அங்கே புதிதாகப் பார்த்துக்கொண்டால் போதும். குவாத்ர் போர்னில் செய்தது போர்ட் லூயிஸில் உதவும். இதை நாம் செய்வதே இல்லை.

பாடகர்கள் தங்கள் மானிட்டரை (மேடையில் தங்களுக்கே கேட்க வைத்திருக்கும் ஒலிபெருக்கியை) தாங்களே போனில் கூட்டிக் குறைக்கும் வசதியும் இப்போது பல மிக்ஸர்களில் இருக்கிறது. நல்லதுதான், ஆனால் வைஃபைக்குக் கடவுச்சொல் போடாமல் இதைத் திறந்து வைக்காதீர்கள்.

புதிய மிக்ஸர்கள் 96 கிலோஹெர்ட்ஸ், எங்களுடையது 48தான் என்று குறைபட்டுக்கொள்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 48 கிலோஹெர்ட்ஸிலேயே 24 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலி பதியும், மனிதக் காது 20க்கு மேல் போகாது. ஒலி மிக்ஸருக்குள் போய் வெளியே வரும் தாமதம் குறையும் என்பது சரி, ஆலன் அண்ட் ஹீத் கம்பெனியின் 96 கிலோஹெர்ட்ஸ் மிக்ஸரான எஸ்க்யூவில் 0.7 மில்லிசெகண்டுக்கும் குறைவு. ஆனால் ஒலி காற்றில் ஒரு மீட்டர் போகவே ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகும், பாடகர் மானிட்டரிலிருந்து ஒரு எட்டு தள்ளி நின்றாலே அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். கூம்பு ஒலிபெருக்கியில் கேட்கப்போகும் கூட்டத்துக்காக இதற்குப் பணம் செலவழிப்பது வீண். அந்தப் பணத்தில் நல்ல ஸ்பீக்கர் வாங்கட்டும்.

அப்டேட் போடுவது என்று முடிவு செய்தால் அவசரப்படாதீர்கள். விழாவுக்கு முந்தின வாரம் கூடவே கூடாது. தை மாதம் நமக்குப் புயல் காலம் வேறு, பாதியில் கரண்ட் போனால் மிக்ஸர் எழுந்திருக்காமலே போகலாம், அதனால் யுபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். முதலில் இருக்கிற சீன்களை எல்லாம் யுஎஸ்பியில் எடுத்து வையுங்கள், பழைய மென்பொருளையும் கூடவே வைத்திருங்கள், ஏனென்றால் புதியதில் சேமித்த சீன் பழையதில் சரியாகத் திறக்காமல் போகலாம். ஸ்டேஜ் பாக்ஸ் (மேடையில் மைக்குகளைச் செருகும் பெட்டி) இருந்தால் அதற்குத் தனி அப்டேட் உண்டா என்று பாருங்கள், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், பிறகு மேடையிலிருந்து சத்தமே வரவில்லை என்று கேபிளை மாற்றிக்கொண்டிருப்பார்கள். என்னைக் கேட்டால் வருஷப்பிறப்பு முடிந்து ஆடி வருவதற்கு முன், மே அல்லது ஜூனில் செய்வதுதான் நல்லது. போட்ட பிறகு ஒரு சாதாரண வெள்ளிக்கிழமை பூஜையில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

கோயில் நிர்வாகிகளிடம் கேட்டுக்கொள்வது இதுதான். புது மிக்ஸருக்கென்று சேர்க்கும் தொகையில் சிறு பகுதியை எடுத்து, அந்த இரண்டு மாதங்களில் பக்கத்துக் கோயில்களின் பிள்ளைகளையும் சேர்த்துக் கூப்பிட்டு, இருக்கிற மிக்ஸரிலேயே நான்கைந்து சனிக்கிழமை பயிற்சி நடத்துங்கள். அதற்குப் பிறகும் மிக்ஸர் போதவில்லை என்றால் வாங்குங்கள், அப்போது எது போதவில்லை என்று கடைக்காரரிடம் நீங்களே சொல்ல முடியும். நான் அமைத்து வைத்திருக்கும் தவில், நாதஸ்வர ப்ரிசெட்களை எந்தக் கோயில் கேட்டாலும் கொடுக்கிறேன், பத்திரிகை வழியாக எழுதினால் போதும். எழுதும்போது மிக்ஸரின் மாடலையும் அதில் இப்போது ஓடும் மென்பொருளின் எண்ணையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
கோயில்களில் சவுண்ட் பார்க்கும் வாசகர்,
ரோஸ் ஹில், மொரிஷியஸ்