18,600 பவுண்: பொஸ்டன் மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமா,

இதைத் தபாலில் அனுப்பினால் மின்சாரப் பில்களோடு சேர்த்துக் கல்லாப்பெட்டிக்கு அடியில் செருகிவிடுவீர்கள். இங்கே எழுதினால் உறவுக்காரர் யாராவது இரவோடு இரவாக உங்களைக் கூப்பிட்டு, "உங்கள் மருமகள் உங்களைப் பற்றி ஏதோ எழுதியிருக்கிறாள்" என்று சொல்வார்கள். உடனே மூக்குக்கண்ணாடியைத் தேடுவீர்கள். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். யாருடைய பெயரையும் போடவில்லை, பயப்பட வேண்டாம்.

2016 ஜூன் 24 காலை நினைவிருக்கிறதா? விடிவதற்குள் பிரித்தானிய வாக்கெடுப்பின் முடிவு தெரிந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற 51.9 சதவீதம், உள்ளேயே இருக்க 48.1 சதவீதம். உங்கள் பொஸ்டனில் (வாசிப்பவர்களுக்கு: இது அமெரிக்கப் பொஸ்டன் இல்லை, இங்கிலாந்தின் லிங்கன்ஷையரில் முட்டைக்கோவா வயல்களுக்கு நடுவே இருக்கும் ஊர்) வெளியேறுவதற்கு விழுந்த வாக்கு 75.6 சதவீதம். நாட்டிலேயே அதுதான் ஆக அதிகம். அலுவலகத்துக்குப் போகும் வழியில் உங்களைக் கூப்பிட்டு, "நீங்களுமா?" என்று கேட்டேன். "ஓம்" என்றீர்கள். படிக்காத சனத்தோடு சேர்ந்து நீங்களும் கிணற்றில் குதித்துவிட்டீர்கள் என்றேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் தொலைபேசியை வைத்தீர்கள். அடுத்த தைப்பொங்கல் வரை நாம் பேசவில்லை.

அந்த மாதங்களில் நான் கணக்குகளைப் படித்துக்கொண்டிருந்தேன். என் தொழிலே அதுதானே. மாத வருமானம் 1,200 பவுணுக்குக் கீழே உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வெளியேற வாக்களித்ததாகவும், 3,700 பவுணுக்கு மேலே உள்ளவர்களில் 38 சதவீதம் பேரே அப்படிச் செய்ததாகவும் ஓர் ஆய்வு சொன்னது. இன்னொரு கருத்துக்கணிப்பில், உயர்பதவிக்காரர்களும் தொழில் வல்லுநர்களும் மட்டுமே பெரும்பான்மையாக உள்ளே இருக்க விரும்பியிருந்தார்கள். இந்த எண்களை நான் புத்திக்கான மதிப்பெண்ணாகவே வாசித்தேன். வருமானம் கூடக்கூட அறிவும் கூடுகிறது பாருங்கள் என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன். என் சம்பளம் அந்த 3,700க்கு மேலே இருந்தது.

பொங்கலன்று மாமி வடை சுட்டுக்கொண்டிருந்தபோதுதான் விஷயத்தைச் சொன்னீர்கள். அதை ஒரு வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, சரக்கு விலை ஏறியதைச் சொல்வதுபோலச் சொன்னீர்கள். மச்சானுக்கு யாழ்ப்பாணத்தில் பெண் பார்த்து மூன்று வருடமாகிறது. எழுத்தும் (பதிவுத் திருமணம்) முடிந்துவிட்டது. ஆனால் 2012 ஜூலையில் வந்த விதிப்படி, ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து மனைவியைக் கூப்பிட வருடத்துக்கு 18,600 பவுணாவது சம்பாதிக்க வேண்டும். மச்சான் மரக்கறி பொதி செய்யும் கூடத்தில் நிற்கிறான். 2016இல் சட்டப்படி ஆகக் குறைந்த சம்பளம் மணிக்கு 7.20 பவுண். வாரம் நாற்பது மணி நேரம், ஐம்பத்திரண்டு வாரமும் லீவே எடுக்காமல் நின்றாலும் 15,000 பவுண் வராது.

அப்போது, ஐரோப்பிய ஒன்றிய நாடான லித்துவேனியாவிலிருந்து வந்து உங்கள் கடையில் வேலை செய்யும் பெண்ணைப் பற்றிச் சொன்னீர்கள். "அவள் தன் புருஷனை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவந்தாள். ஒரு படிவம் இல்லை, ஒரு பவுண் கட்டணம் இல்லை. என் மகன் இந்த நாட்டுக் குடிமகன். அவனால் முடியவில்லை."

எனக்கு அந்த விதி இருப்பதே தெரியாது, மாமா. என் சம்பளத்தில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எனக்கு ஐரோப்பா என்றால் வெள்ளிக்கிழமை மாலை விமானம் ஏறிப் பார்சலோனாவில் இறங்குவது. உங்களுக்கோ அதிகாலை நான்கு மணிக்குக் கடை வாசலில் நிற்கும் வேன். அதில் ஏறி வயலுக்குப் போகிறவர்களிடம் வேனுக்கும் அறைக்கும் சேர்த்துக் காசு பிடித்துக்கொள்ளும் முகவர்களையும், ஒரு வீட்டுக்குள் பத்துப் பேரைப் போட்டு ஆளுக்கு ஆள் வாடகை வாங்கும் வீட்டுக்காரர்களையும் பார்த்துக்கொண்டுதான் நீங்கள் கடை திறந்தீர்கள். அவர்கள் வெட்டிய கோவாதான் லண்டனில் என் தட்டுக்கு மலிவாக வந்தது. வாக்கெடுப்புக்கு முன்பு நியூகாசிலில் நடந்த ஒரு கூட்டத்தில், வெளியேறினால் நாட்டின் மொத்த உற்பத்தி குறையும் என்று ஒரு பேராசிரியர் விளக்கியபோது, "அது உங்களுடைய ஜிடிபி, எங்களுடையது இல்லை" என்று ஒரு பெண் கத்தியதாகச் செய்தி வந்தது. அதற்கும் நான் சிரித்திருந்தேன்.

இவ்வளவும் ஒப்புக்கொண்டபிறகு உங்களோடு சண்டை பிடிக்க எனக்கு உரிமை உண்டுதானே?

நீங்கள் நம்பியது ஒன்றே ஒன்று: பக்கத்து வீட்டுப் படலையை அடைத்தால் நம் வீட்டுப் படலை திறக்கும். அதைச் சொல்லித்தான் உங்களிடம் வாக்குக் கேட்டார்கள். தெற்காசியரின் கறி உணவகங்களைக் காப்பாற்ற வேண்டும், ஐரோப்பியருக்கு ஒரு நீதி தெற்காசியருக்கு ஒரு நீதியா என்று அன்றைய அமைச்சர் பிரீத்தி பட்டேல் பேசினார். எந்த நாட்டவரானாலும் தகுதிக்குப் புள்ளி போட்டு விசா கொடுக்கும் ஒரே முறை என்று, வெளியேறும் பிரசாரத்தை நடத்திய பொரிஸ் ஜோன்சனும் மைக்கல் கோவும் சொன்னார்கள். முறை 2021இல் வந்தது. ஆனால் மச்சான் எட்டவேண்டிய வருமான எல்லை 2024 ஏப்ரலில் 29,000 பவுணாக உயர்ந்தது. அதே ஆண்டு மார்ச்சிலிருந்து, முதியோரைப் பராமரிக்கப் புதிதாக வருகிறவர்கள் கணவனையோ மனைவியையோ பிள்ளைகளையோ கூட்டிவர முடியாது என்றார்கள். சமப்படுத்தத்தான் செய்தார்கள், கீழ்நோக்கி.

இதில் என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று. பிரித்தானியக் குடிமகன் ஒருவன் சில காலம் அயர்லாந்திலோ ஜெர்மனியிலோ மனைவியோடு வாழ்ந்து வேலை செய்துவிட்டுத் திரும்பினால், அந்த வருமான விதியே அன்று அவனைத் தீண்டாமல் இருந்தது. சுரீந்தர் சிங் என்ற இந்தியரின் வழக்கில் 1992இல் ஐரோப்பிய நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு அது. ஏழை மாப்பிள்ளைகளுக்கு இருந்த ஒரே பின்வாசலை ஐரோப்பாதான் திறந்து வைத்திருந்தது. வெளியேறியதும் அதுவும் அடைபட்டது. வெறும் கோபத்தோடு கூப்பிடாமல், ஒரு வழக்கறிஞரின் இலக்கத்தோடு உங்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும் நான்.

வேன் மட்டும் நிற்கவே இல்லை. இப்போது அந்த வயல்களுக்குக் கிர்கிஸ்தானிலிருந்தும் உஸ்பெகிஸ்தானிலிருந்தும் ஆறு மாத விசாவில் ஆட்கள் வருகிறார்கள். லித்துவேனியர் பிடிக்காத முதலாளியை விட்டுவிட்டுப் போகலாம்; இவர்களுக்கு அது அவ்வளவு எளிதில்லை. குடிவரவு குறையும் என்றார்கள். 2023 ஜூனோடு முடிந்த ஓராண்டில் நாட்டை விட்டுப் போனவர்களைக் கழித்த பின்னும் வந்தவர்கள் ஒன்பது லட்சத்துக்கும் மேல். ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்பட்ட உங்கள் ஊர், 2024 தேர்தலில் குடிவரவை எதிர்க்கும் ரிஃபோர்ம் கட்சியின் ரிச்சர்ட் டைஸைத் தேர்ந்தெடுத்தது. அவர்கள் அடுத்து எந்தப் படலையைக் காட்டுகிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும். அந்த ஆகஸ்டில் சண்டர்லாந்திலும் மிடில்ஸ்பரோவிலும் குடிவரவுக்கு எதிரான கலவரக்காரர்கள் தெருவில் இறங்கியபோது, நீங்கள் நான்கு மணிக்கே ஷட்டரை இறக்கிவிட்டு மாடியில் விளக்கைப் போடாமல் இருந்தீர்கள் என்று மாமி சொன்னார்.

ஆனால் பழி முழுவதும் உங்கள் ஊர்மேல் விழுந்ததே, அதை நான் இனி ஏற்கமாட்டேன். வெளியேற வாக்களித்தவர்களில் 59 சதவீதம் பேர் நடுத்தர வர்க்கத்தினர், பாதிக்கு மேற்பட்டவர்கள் இங்கிலாந்தின் தென்பாதியில் வாழ்கிறவர்கள் என்று டேனி டோர்லிங் என்ற புவியியல் பேராசிரியர் கணக்குக் காட்டினார். ஏழைகள் விகிதத்தில் அதிகம்தான். ஆனால் வாக்குச்சாவடிக்குப் போகிறவர்களில் வசதியானவர்கள்தான் அதிகம். ஹாம்ப்ஷையரிலும் எசெக்ஸிலும் கடன் கட்டி முடித்த வீட்டில் இருந்துகொண்டு வாக்களித்தவரைத் தேடி எந்தத் தொலைக்காட்சிக்காரரும் போகவில்லை. உங்கள் ஊர்ச் சந்தைக்குத்தான் கமரா வந்தது. உங்கள் கடை வாசலில்கூட ஒருநாள் நின்றதாம்.

மச்சான் இப்போது பகலில் பொதி செய்யும் கூடம், இரவில் டெலிவரி என்று ஓடுகிறான். முதல் விண்ணப்பம் எந்தத் திகதியில் போட்டது, அதற்குப் பழைய விதி பொருந்துமா என்று பார்க்க வேண்டும். ஞாயிறு வருகிறேன். சம்பளத் துண்டுகளை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

கேட்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. அன்று உங்கள் கையில் இலங்கைக் கடவுச்சீட்டுத்தான். பொதுநலவாய நாட்டவர் என்பதால் உங்களுக்கு வாக்கு இருந்தது. பதினொரு வருடமாக உங்களோடு கல்லாவில் நின்ற அந்த லித்துவேனியப் பெண்ணுக்கு இல்லை. என்னோடு பேசிவிட்டுத் தொலைபேசியை வைத்தபோது, ஆறு மணிக்கு வந்து பத்திரிகைக் கட்டுகளை அவிழ்த்துக்கொண்டிருந்திருப்பாள். எல்லாக் கட்டிலும் அந்த ஒரே செய்திதான். அவள் உங்களிடம் என்ன கேட்டாள், மாமா? நீங்கள் என்ன சொன்னீர்கள்?

அன்புடன்,
உங்கள் மருமகள்