எடைச் சீட்டிலிருந்து தொடங்கு

கிருஷ்ணகிரி

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் அனைவரும் நலம் என்று அறிந்து மகிழ்ந்தேன், இங்கும் நலமே. சாமை அரிசியையும் ராகி மாவையும் தருமபுரிக் கடைகளுக்கு மட்டும் கொடுத்து வந்த நீ, இப்போது சேலத்துக்கும் பெங்களூருக்கும் அனுப்புகிறாய், ஆட்கள் பதினெட்டுப் பேர் ஆகிவிட்டார்கள் என்று படித்தபோது உண்டான மகிழ்ச்சியில் பாதியை, அடுத்த பக்கத்தில் நீ அடுக்கியிருந்த குறைகள் எடுத்துக்கொண்டன. ஒரே கடைக்கு ஒரே சரக்கு இருமுறை போயிருக்கிறது. பணம் வந்ததா என்று கேட்டால் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு மேல்தான் உனக்குப் பில்களைப் பார்க்க நேரம் கிடைக்கிறது. இதற்கெல்லாம் மருந்து என்று ஒருவர் விற்க வந்திருக்கும் மென்பொருளை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போது வாங்காதே என்பதே என் பதில்.

எங்கள் மாங்கூழ் ஆலையின் அலுவலகம் எப்படி இருந்தது என்பதைச் சொன்னால் காரணம் விளங்கும். ஜூன், ஜூலை மாதங்களில் போச்சம்பள்ளி, சந்தூர், காவேரிப்பட்டணம் பக்கமிருந்து பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய டிராக்டர்களும் மினி லாரிகளும் இரவெல்லாம் எங்கள் வாசலில் வரிசை கட்டும். எடைமேடையில் இருப்பவர் எடையை ஒரு சீட்டில் எழுதுவார். அழுகலையும் பிஞ்சையும் ஒதுக்கும் மேற்பார்வையாளர், கழிவை வேறொரு நோட்டில் எழுதுவார். அன்றைய விலையை முதலாளி கைபேசியில் சொல்ல, கொள்முதல் எழுத்தர் அதைத் தன் நோட்டில் குறித்துக்கொள்வார். மாலையில் கணக்கர் இவை எல்லாவற்றையும் திரட்டி டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றுவார். ஒரு வண்டிக் காயைப் பற்றி நான்கு பேர் நான்கு இடங்களில் எழுதினார்கள். நான்கும் ஒத்துப்போகும் நாள் அரிது. ஒரு வாரம் கழித்து விவசாயி வந்து, எடை ஏன் குறைந்தது என்று கேட்டால், அதற்குப் பதில் தெரிந்தவர் இரவு வேலை முடித்து வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு பருவத்திலும் இன்னும் ஓர் எழுத்தரைச் சேர்த்தோம். நோட்டு ஒன்று கூடியதே தவிர, தேடல் குறையவில்லை.

மாற்றம் அந்த எடைச் சீட்டிலிருந்துதான் தொடங்கியது. பருவத்தின் முதல் வண்டிக்கு ஒன்று என்று தொடங்கி, அச்சிட்ட தொடர் எண்ணுடன், ஒரே சீட்டுக்கு மூன்று படிகள் (நகல்கள்) கொண்ட சீட்டுப் புத்தகம் அடித்தோம். மொத்த எடை, வண்டி எடை, கழிவு, விலை, கையெழுத்து எல்லாம் அந்த ஒரே சீட்டில். கழிவை விவசாயியின் எதிரிலேயே எழுதி, அவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதைத்தான் எல்லோரும் எதிர்த்தார்கள். ஆனால் வாசலில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவற்றை நிறுத்தியதும் அதுதான். விலையைக் காலையில் பலகையில் எழுதிவிடுகிறோம், அதன் பிறகு தொலைபேசியில் சொன்ன விலை செல்லாது. தவறாக எழுதிய சீட்டைக் கிழிக்கக் கூடாது, குறுக்கே கோடிட்டு மூன்று படிகளையும் புத்தகத்திலேயே விட்டுவைக்க வேண்டும். கணக்கு மென்பொருளில் ஒரு பதிவைத் திருத்தினால், அந்தத் திருத்தத்தின் தடம் தேதியுடன் அழியாமல் இருக்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் முதல் கம்பெனிகளுக்கு விதி இருக்கிறது. காகிதத்துக்கும் அதே நியாயம் பொருந்தும் என்று எங்கள் தணிக்கையாளர் சொன்னதை நான் உடனே ஏற்றுக்கொண்டேன்.

அந்தச் சீட்டு எண்ணையே வங்கியில் பணம் அனுப்பும்போதும் குறிப்பிடுகிறோம். ஒரே தடவையில் காய்ச்சும் கூழை ஒரு தொகுதி என்போம்; அந்தத் தொகுதியின் பதிவேட்டிலும் அதே எண்ணை எழுதுகிறோம். ஆகவே, ஏற்றுமதியான ஒரு டிரம்மைப் பற்றி வாங்கியவர் கேள்வி எழுப்பினால், அந்தத் தொகுதிக்குள் போன காய் எந்தெந்த ஊரிலிருந்து, எந்த நாளில் வந்தது என்று அந்த அலுவலக மேசையிலேயே சொல்ல முடிகிறது. எடைமேடையைக் கணினியோடு இணைத்தது இதற்குப் பிறகுதான். ஒழுங்கில்லாத நான்கு நோட்டுகளை அப்படியே கணினியில் ஏற்றியிருந்தால், பிழைகள் வேகமாகப் பரவியிருக்கும், அவ்வளவுதான்.

உன்னிடத்தில் எடைச் சீட்டின் இடத்தில் இருப்பது கடைக்காரரின் ஆர்டர். அது இப்போது உன் வாட்ஸ்அப்பிலும், வேன் ஓட்டுநரின் வாட்ஸ்அப்பிலும், உன் மைத்துனரின் நினைவிலும் இருக்கிறது. ஆர்டர் எந்த வழியாக வந்தாலும் ஒருவர் கையில் மட்டும் போய்ச் சேரட்டும். அவர் எண் கொடுத்து எழுதாத ஆர்டருக்குச் சரக்கு ஏற்றக் கூடாது என்று வைத்துப் பார். ஒரே சரக்கு இருமுறை போவது நின்றுவிடும்.

இன்னொன்று. இரவு பதினொரு மணி வரை பில்கள் உனக்காகக் காத்திருப்பது எழுத்தரின் குறை அன்று. சாக்கும் நூலும் வாங்குவதற்குக் கூட உன் கையெழுத்து வேண்டும் என்று நீதான் வைத்திருக்கிறாய். ஒரு தொகைக்கு உட்பட்ட வழக்கமான செலவுகளை மேற்பார்வையாளரே அனுமதிக்கட்டும், நீ வாரம் ஒருமுறை பட்டியலைப் பார்த்தால் போதும்.

வெளியிலிருந்து வாங்கும் பொருள்களின் பில்லில், சரக்கைப் பெற்று ஒப்புக்கொண்ட நாளை முத்திரையிடும் பழக்கத்தையும் கொண்டு வா. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்களுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாள்களுக்குள்ளும் பணம் தர வேண்டும். அந்தக் கணக்கு பில் தேதியிலிருந்து அன்று, சரக்கைப் பெற்று ஒப்புக்கொண்ட நாளிலிருந்து ஓடுகிறது. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு உனக்கும் இருப்பதால், நீ தயாரித்து விற்கும் சரக்குக்குப் பெங்களூர்ப் பெரிய கடைகளிடமும் இதே சட்டத்தைக் காட்டிப் பணம் கேட்கலாம்; அதற்கும் அவர்கள் முத்திரையிட்ட ரசீது உன் கோப்பில் இருக்க வேண்டும். பத்துப் பேருக்கு மேல் ஆகிவிட்டதால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு ஏற்கெனவே உனக்குப் பொருந்தும். இருபது பேரானதும் பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதியும் வந்துவிடும். வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பட்டியலையும் இப்போதே ஒழுங்காக்கி வைத்துக்கொள். ஜி.எஸ்.டி. தாக்கல் பற்றி உன் ஆடிட்டர் சொல்லாத எதையும் நான் சொல்லப்போவதில்லை.

கடைசியாக, எழுதத் தயங்கிய ஒன்று. சாமை வாங்குவதும், மூட்டை இறக்கி எண்ணுவதும், பணம் கொடுப்பதும் உன் மைத்துனர் ஒருவரே என்று எழுதியிருக்கிறாய். அவருடைய நேர்மையில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. ஆனால் நாளை ஒரு மூட்டை குறைந்தால், அவர் தம் நேர்மையைக் காட்ட அவரிடம் ஒரு துண்டுச் சீட்டு கூட இராது. வாங்குவது அவரிடமே இருக்கட்டும். எண்ணி இறக்குவதைக் கிடங்குக்காரரிடமும், பணம் அனுப்புவதைக் கணக்கரிடமும் கொடு. இதை மற்றவர்கள் முன்னால் பேசாதே. வீட்டில் முதலில் சொல்லிவிட்டு, அவருக்குப் பாதுகாப்பாகவே இதைச் செய்கிறாய் என்பதை நீயே தனியாக அவரிடம் விளக்கு. என் பெயரை இழுத்தாலும் எனக்கு வருத்தமில்லை.

சென்ற மாதத்தில் ஏதாவது ஒரு ஆர்டரைத் தேர்ந்தெடுத்து, அது வந்த நாளிலிருந்து பணம் சேர்ந்த நாள் வரை உண்டான எல்லாத் தாள்களின் நகலையும், வாட்ஸ்அப் செய்திகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஏப்ரல் முடிவதற்குள் ஒரு ஞாயிறு வா. மே பிறந்துவிட்டால் எங்கள் ஆலையில் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்காது.

அன்புடன்,
உன் நண்பன்