அரச மதம் வேறு, இறையாட்சி வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசியலமைப்பில் ஒரு மதத்தின் பெயர் இருந்தாலே அந்நாட்டை இறையாட்சி, அதாவது மதத் தலைமையிடம் இறுதி அதிகாரம் உள்ள ஆட்சி, என்று எழுதிவிடும் வழக்கம் இதழ்களில் பரவலாகக் காணப்படுகிறது. நாட்டுக்கு மதம் உண்டா என்பதைவிட, சட்டம் செல்லுமா என்று முடிவாகச் சொல்பவர் யார், அவரைப் பதவியிலிருந்து இறக்கக்கூடியவர் யார் என்பனவே இதில் கேட்க வேண்டிய கேள்விகள்.

இங்கிலாந்தில் மன்னரே திருச்சபையின் தலைவர். ஆயர்கள் 26 பேர் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் அவையில் அமர்கிறார்கள். ஆயினும், தேர்ந்தெடுக்கப்பட்ட மக்களவை உறுதியாக நின்றால் அந்த அவையால் ஒரு மசோதாவைத் தாமதப்படுத்தலாமே தவிரப் பொதுவாகத் தடுத்துவிட முடியாது. அதை இறையாட்சி என்று யாரும் சொல்வதில்லை. வாடிகன் இதற்கு நேர்மாறானது: சட்டமியற்றல், நிர்வாகம், நீதி ஆகிய மூன்று அதிகாரங்களும் போப்பாண்டவர் ஒருவரிடமே உள்ளன. ஆனால், பெரும்பாலும் பதவியால் குடியுரிமை பெற்றவர்களே வாழும் அந்தச் சிற்றரசைக் கொண்டு, அங்கேயே பிறந்து வளரும் குடிமக்களுக்கு இவ்வாட்சி என்ன செய்யும் என்பதை அறிய இயலாது.

அதை அறிய ஈரானைத்தான் பார்க்க வேண்டும். 1979-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அங்கே வாக்குச்சீட்டை ஒழித்துவிடவில்லை. நாடாளுமன்றத்துக்கும் அதிபர் பதவிக்கும் தேர்தல் நடக்கிறது. ஆனால் நாடாளுமன்றம் இயற்றும் ஒவ்வொரு சட்டமும் 12 பேர் கொண்ட காவலர் மன்றத்தின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். அவர்களில் மார்க்கச் சட்ட அறிஞர்கள் அறுவரை, அதிபருக்கும் மேலான மதத் தலைவராகிய உச்சத் தலைவர் நேரடியாக நியமிக்கிறார். எஞ்சிய அறுவரை, அவரால் நியமிக்கப்பட்ட நீதித்துறைத் தலைவர் முன்மொழிபவர்களிலிருந்து நாடாளுமன்றம் தேர்வு செய்கிறது. உச்சத் தலைவரைத் தேர்ந்தெடுக்கவும் நீக்கவும் உரிமை பெற்ற வல்லுநர் பேரவைக்கு மக்கள்தாம் வாக்களிக்கிறார்கள். எனினும் அதற்குப் போட்டியிடத் தகுதியுடையவர் யார் என்பதை முடிவு செய்வதும் இதே காவலர் மன்றம்தான். தலைவரைக் கேள்வி கேட்க வேண்டியவர்கள், அவரது நிழலைக் கடந்தே உள்ளே வர முடிகிறது.

இவ்வாட்சியில் மதம் அரசை ஆள்கிறது என்று நாம் எளிதாக நினைத்துவிடுகிறோம். ஆனால் 1988 ஜனவரியில் ஈரானின் முதல் உச்சத் தலைவரான அயத்துல்லா கொமேனி, ஆட்சியின் நலன் தொழுகை, நோன்பு, ஹஜ் ஆகிய கடமைகளுக்கும் முந்தியது என்று அறிவித்தார். மறுஆண்டு அரசியலமைப்பைத் திருத்தியபோது, உச்சத் தலைவர் மிக உயர்ந்த மார்க்கத் தகுதி பெற்றவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கைவிடப்பட்டது. என் பார்வையில், அங்கே வளைந்துகொடுத்தது பெரும்பாலும் மதம்தான், அரசு அன்று.

ஆகவே, ஒரு நாட்டை இறையாட்சி என்று குறிப்பிடும் கட்டுரைகளில், அந்நாட்டின் சட்டத்தை ரத்து செய்யும் அதிகாரம் எந்த அமைப்பிடம் உள்ளது, அதன் உறுப்பினர்களை யார் நியமிக்கிறார்கள் என்ற விவரங்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்