அப்பாவுக்கு, நிஷினோமியாவிலிருந்து

நிஷினோமியா, ஜப்பான்
பிப்ரவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

முத்துக்குமார் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். நீங்கள், அம்மா, செல்வி அக்கா, அத்தான், குழந்தைகள் அனைவரும் நலமா என்று அறிய ஆவல். உங்கள் கடிதம் கைக்கு வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பொங்கலுக்கே எழுதியிருக்க வேண்டும். தாமதித்தது என் தவறு, மன்னியுங்கள்.

"கடல் தாண்டிப் போய்ப் பேப்பர் போடுகிறானாம்" என்று பெரியப்பா கோயில் வாசலில் நாலு பேர் முன்னால் சொன்னதை எழுதியிருந்தீர்கள். அது எப்படிப்பட்ட பத்திரிகை என்றும் கேட்டிருந்தீர்கள். 31 வருடம் அச்சுக் கோத்த கை கேட்கிறது. ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இத்தனை நாள் தள்ளிப் போட்டேன்.

பத்திரிகையின் பெயர் அசாஹி ஷிம்புன். அசாஹி என்றால் காலைச் சூரியன், ஷிம்புன் என்றால் செய்தித்தாள். 1879 ஜனவரி 25 அன்று, இங்கிருந்து ரயிலில் சிறிது நேரத்தில் போய்விடக்கூடிய ஒசாகாவில் பிறந்தது. யோமியூரி என்ற பத்திரிகை இதைவிட அதிகம் விற்கிறது. அது வலதுசாரிப் பக்கம் சாய்ந்தது. அசாஹி இடதுபக்கம் சாய்ந்தது என்று பெயர். யார் வீட்டுக்கு எது போகிறது என்று தெரிந்தால் அந்த வீட்டு அரசியல் பாதி தெரிந்துவிடும்.

இரவு இரண்டு மணிக்கு லாரியில் கட்டு வரும். விளம்பரத் தாள்களை உள்ளே செருகி, மழை என்றால் பிளாஸ்டிக் உறை போட்டு, சைக்கிளில் ஏற்றிக் கிளம்புவோம். என் தடத்தில் 210 வீடு. ரொக்கோ மலையிலிருந்து இறங்கும் காற்று, கையுறைக்குள்ளும் விரலைத் தேடி வந்து கடிக்கிறது. ஆனால் குளிரெல்லாம் பழகிவிட்டது. அம்மாவிடம் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். கோபேயில் இந்தியக் கடை இருக்கிறது, புளி கிடைக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ரசம் வைக்கிறேன்.

ஷுகுகவா ஆற்றங்கரையில் ஒரு தாத்தா இருக்கிறார், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். நாலு மணிக்கே கதவைத் திறந்துகொண்டு வாசலில் நிற்பார். தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். முதல் பக்கத்தில் 'தென்சேய் ஜிங்கோ' என்று ஒரு சிறு பத்தி தினமும் வருகிறது, 1904 முதல் வருகிறது. வானத்தின் குரல், மனிதனின் சொல் என்று அர்த்தம். அதை ஓர் எழுத்து விடாமல் நோட்டில் பார்த்து எழுதுகிறார். இதற்கென்றே கட்டம் போட்ட நோட்டை அசாஹியே விற்கிறது. என்னையும் எழுதச் சொன்னார். என் ஜப்பானிய எழுத்து திருந்தியது அப்படித்தான். போன வாரம் ஒரு பை நிறைய ஆரஞ்சும் அரிசிக் கேக்கும் கொடுத்தார். இந்த வாரச் சாப்பாட்டுக்கு மிகவும் உதவியாக இருந்தது.

இனி எழுதப்போவதில் பாதி அவர் சொல்லி, நான் நூலகத்தில் தேடிப் படித்தது.

1918இல் அரிசி விலை ஏறி, நாடு முழுவதும் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அந்தச் செய்தியைப் போடக் கூடாது என்று அரசு தடை விதித்தது. அதை எதிர்த்து நடந்த கூட்டத்தைப் பற்றி எழுதும்போது, 'வெள்ளை வானவில் சூரியனைத் துளைத்தது' என்ற பழைய சீனச் சொற்றொடரை ஒசாகா அசாஹி நிருபர் சேர்த்துவிட்டார். ஆட்சி கவிழும் என்ற குறிப்பு அதில் இருக்கிறது. வழக்குப் போட்டார்கள், பத்திரிகையையே மூடிவிடுவோம் என்று மிரட்டினார்கள். முதலாளி முராயாமா ரியோஹெய் அவர்களைத் தீவிர தேசியவாதிகள் வழிமறித்து, பூங்காவில் ஒரு கல்விளக்கில் கட்டி, கழுத்தில் தேசத் துரோகி என்று அட்டை மாட்டினார்கள். அந்த வருடக் கடைசியில் பத்திரிகை பணிந்து, தவறு எங்களுடையது என்று அச்சிட்டது.

1936 பிப்ரவரி 26 உங்களுக்காகவே எழுதுகிறேன். இளம் ராணுவ அதிகாரிகள் ஆட்சியைப் பிடிக்கக் கிளம்பிய நாள். டோக்கியோவில் அசாஹி அலுவலகத்துக்குள் சிப்பாய்கள் புகுந்து, அச்செழுத்துகளை அறை அறையாக அடுக்கி வைக்கும் எழுத்துக் கேஸ்களைக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். நம் தமிழுக்கு எத்தனை அறை என்று உங்களுக்குத் தெரியும். இவர்களுக்கு ஆயிரக்கணக்கான சித்திர எழுத்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஈய அச்சு. ஒன்றோடொன்று கலந்து தரையில் கொட்டிக் கிடந்ததை யார் பொறுக்கிப் பிரித்திருப்பார்கள்? அதைப் படித்த இரவு உங்கள் விரல்கள்தான் கண்முன் நின்றன.

ஆனால் அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1931இல் மஞ்சூரியாவில் ராணுவம் இறங்கியபோது, இந்தப் பத்திரிகை அதன் பக்கம் போய்விட்டது. போர் முழுக்க அரசு சொன்னதை அச்சிட்டது. தென்சேய் ஜிங்கோ என்ற பெயரைக்கூட எடுத்துவிட்டு, தெய்வக் காற்று என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். தோற்றபின் 1945 நவம்பர் 7 அன்று 'மக்களோடு நிற்போம்' என்று அறிவித்தார்கள். தலைவரும் இயக்குநர்களும் பொறுப்பேற்று விலகினார்கள். முனோ தகேஜி என்ற நிருபர் அதுவரைகூடக் காத்திருக்கவில்லை. போர் முடிந்ததுமே, பொய் எழுதியதற்குப் பொறுப்பேற்று வேலையை விட்டார். பிறகு அகிதா மாகாணத்தில் யோகோத்தே என்ற ஊரில் தீப்பந்தம் என்ற பெயரில் சிறு வாரத்தாள் நடத்தினார். 101 வயது வரை வாழ்ந்தார். அப்பா, இவரைப் பற்றி நாம் நேரில் பேச வேண்டும்.

இந்த ஊரிலும் ஒன்று நடந்திருக்கிறது. 1987 மே 3 இரவு, முகத்தை மறைத்த ஒருவன் இங்குள்ள அசாஹி கிளை அலுவலகத்துக்குள் வந்து வேட்டைத் துப்பாக்கியால் சுட்டான். 29 வயது நிருபர் இறந்தார், இன்னொருவர் படுகாயம் அடைந்தார். சுட்டவனைப் பிடிக்கவே இல்லை. வழக்குக் காலமும் 2002இல் முடிந்துபோனது. உயிர் தப்பியவரின் சட்டைப் பையில் இருந்த பேனா, குண்டு பட்டு வளைந்தது. அதை அங்கே வைத்திருக்கிறார்கள். போன மே மாதம் தாத்தாவோடு போய்ப் பூ வைத்துக் கும்பிட்டு வந்தேன்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். போர்க்காலத்தில் ஜப்பானியச் சிப்பாய்களின் இச்சைக்காகக் கொரியப் பெண்களைப் பலவந்தமாகப் பிடித்து வந்ததாக ஒருவர் சொன்ன கதையை 1982 முதல் வெளியிட்டார்கள். அவர் சொன்னது பொய். ராணுவ விடுதிகளில் பெண்கள் பட்ட துன்பம் பொய் இல்லை, இந்த ஆள் சாட்சிதான் பொய். அதைத் திரும்பப் பெற 2014 ஆனது. 32 வருடம்! அதே ஆண்டு புகுஷிமா அணு உலை பற்றிய இன்னொரு செய்தியையும் திரும்பப் பெற்றார்கள். தலைவர் பதவி விலகினார். தாத்தாவின் எதிர்வீட்டுக்காரர் அன்றே பேப்பரை நிறுத்தினாராம், இன்னும் இவரோடு பேசுவதில்லை. அப்போது 70 லட்சத்துக்கு மேல் விற்றது, இப்போது 40 லட்சத்துக்கும் கீழே. கைப்பேசியும் ஒரு காரணம்தான். ஆனால் மெய்ப்பில் பிழை பார்த்தால் அச்சை நிறுத்தச் சொல்லி முதலாளியோடு சண்டை போட்டவர் நீங்கள். 32 வருடம் என்றதும் உங்கள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அது ஆறவில்லை.

பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொல்லுங்கள். நான் சுமப்பது இந்தத் தாளைத்தான் என்று சொல்லுங்கள்.

இரண்டு மணிக்குக் கட்டின் நாடாவை அறுத்ததும் மை வாசனை குப்பென்று வரும். நீங்கள் வேலை முடிந்து வந்து ஆணியில் மாட்டும் சட்டையின் வாசனை அது. முதல் மாதம் அந்த நேரத்தில் நான் யாரிடமும் பேச மாட்டேன். இப்போதும் கொஞ்சம் அப்படித்தான்.

இந்த மாதப் பணம் 20ஆம் தேதிக்கு மேல்தான் வரும், கொஞ்சம் குறைவாகவும் இருக்கும். குளிருக்குக் கம்பளி வாங்கினேன், வேறொன்றும் இல்லை. அம்மாவின் சங்கிலிக்கு வட்டி மட்டும் கட்டி மாற்றி வைக்கச் சொல்லுங்கள், சித்திரைக்குள் மீட்டுவிடலாம். செல்வி அக்கா சின்னவளுக்குக் காதுகுத்துப் பங்குனியில் என்றால் தாய்மாமன் சீரை நான் அனுப்பும் வரை கடன் வாங்க வேண்டாம். கிணற்றுப் பாதை விஷயத்தில் பெரியப்பா கேட்கும் தாளில் சர்வேயர் அளக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இடது கண் மங்குகிறது என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள். புரை என்றால் அறுவைக்கு எந்தத் தேதி கொடுக்கிறார்கள் என்று அடுத்த கடிதத்தில் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

தங்கள் அன்பு மகன்,
முத்துக்குமார்