தோழிக்குச் சாரி எடுக்கும் முன் அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்

வன்னியின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்து அம்மாமாருக்கும் அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

வணக்கம். நான் கிளிநொச்சிப் பக்கம் வீட்டிலேயே தையல் மெசின் போட்டு வேலை செய்பவள். ஆவணி பிறக்கப் போகிறதென்றால் என் மெசினுக்கு ஓய்வில்லை. பரந்தன், தர்மபுரம், விசுவமடு என்று எல்லாப் பக்கமிருந்தும் கலியாணத்துக்குச் சாரிச் சட்டை தைக்க வருகிறார்கள். அதுதான் எனக்குச் சோறு போடுகிறது. ஆகவே கலியாணத்துக்கு நல்ல உடுப்பு எடுக்காதீர்கள் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் பொம்பிளை மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கிற தோழிமாருக்கும் தோழன்மாருக்கும் உடுப்புத் தெரிவு செய்கிற விதம் நம் ஊர்களில் பிசகிப் போய்விட்டது. அதை உங்கள் மாதக் கூட்டத்தில் பேச வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

போன வருடம் ஒரு பிள்ளை அளவுச்சட்டையோடு வந்தாள். கூடப் படித்த சிநேகிதிக்குக் கலியாணம், ஆறு தோழிகள். மாப்பிள்ளையின் அக்கா வெளிநாட்டிலிருந்து வட்ஸ்அப்பில் ஒரு சாரியின் படத்தை அனுப்பி, எல்லாரும் இதையே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாவாம். ஒரு சாரி 14,500 ரூபா. சட்டையைப் போட்டுப் பார்க்கும்போது கழுத்தைச் சரிசெய்ய அவளுடைய தலைமயிரை ஒதுக்கினேன். இரண்டு காதிலும் தோடு இல்லை. துளை தூர்ந்து போகாமல் இருக்க வேப்பங்குச்சி செருகியிருந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. அவளே தலையைக் குனிந்துகொண்டு, "கலியாணத்துக்குக் கவரிங் போடுவன் அன்ரி" என்றாள். அவளுடைய தாய் கச்சான் பிடுங்கக் கூலிக்குப் போகிறவர். அந்தச் சாரியை அவள் இரண்டாம் முறை உடுத்த வாய்ப்பு வரவில்லை. அடுத்த கலியாணத்துக்கு வேறு நிறம் சொன்னார்கள்.

நம் சைவக் கலியாணத்தில் சடங்குக்குத் தேவையானது ஒரு தோழன், ஒரு தோழி. பொம்பிளையின் தம்பியோ அண்ணனோ தோழனாக நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவி, மோதிரம் வாங்கி, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப் போவார். மாப்பிள்ளையின் சகோதரி தோழியாக நின்று தாலி கட்டும்போது பின்னால் விளக்குப் பிடிப்பார். அப்புறம் ஆராத்தி எடுக்க இரண்டு பேர். மற்ற ஐந்து, ஆறு பேரும் படத்துக்காக நிற்பவர்கள். படத்துக்கு நிற்பதில் பிழையே இல்லை. இளம்பிள்ளைகள் சிநேகிதியின் பக்கத்தில் அழகாக நிற்கத்தான் வேண்டும். ஆனால் படத்தின் செலவை நிற்கிற பிள்ளையின் தலையில் கட்டுவது எந்த நியாயம்? பொம்பிளையின் கூறைச் சாரியை மாப்பிள்ளை வீடு எடுக்கிறது. தோழிக்கு இதே சாரிதான் வேண்டும் என்றால், அதையும் சொல்கிற வீடுதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் நிறத்தை மட்டும் சொன்னால் போதும்.

நிறத்தை மட்டும் சொன்னால் படம் கெட்டுப் போகும் என்று நினைக்காதீர்கள். கூறை அரக்கிலோ சிவப்பிலோ வரும். தோழிமார் அந்தப் பக்கம் போகாமல் பச்சையில் நின்றால் பொம்பிளை தனியாகத் தெரிவாள். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மாவிலைப்பச்சை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது ஒரு தோட்டம் மாதிரி இருக்கும். அம்மாவின் பெட்டியில் கிடக்கும் பச்சைச் சாரியும் அதற்குள் வந்துவிடும். ஃபோனில் பார்த்து ஒரே நிறம் என்று வாங்கியவைகூட வெயிலில் விரித்தால் வேறு வேறாக இருப்பதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.

அம்மாவின் பெட்டி என்று எழுதிவிட்டேன். பெட்டி இல்லாத வீடுகளும் நம்மிடம் நிறைய இருக்கின்றன. 2009இல் போருக்குள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடற்கரை மணலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, பங்கருக்கு மண்மூட்டை கட்டச் சாக்கு கிடைக்கவில்லை. சாரிகளைக் கிழித்துத்தான் பை தைத்தோம். நானும் கையூசியால் தைத்தேன். ஒரு அக்கா தன் கூறையை மடித்தபடியே கொண்டுவந்து தந்தா. சரிகைக் கரையில் ஊசி இறங்க மறுத்தது. மண்ணை நிரப்பி அடுக்கும்போது அந்தக் கரை வெளியே மினுங்கிக்கொண்டு இருந்தது. அப்படித் தன் கூறையைக் கொடுத்த எத்தனையோ தாய்மார் இன்று மகளுக்குக் கொடுக்கப் பழைய பட்டு ஒன்றுகூட இல்லாமல் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளிடம் போய், ஒரு நாளுக்கு உடுத்த இன்ன சாரியை வாங்கு என்று சொல்ல நமக்கு மனம் வரலாமா?

காசு எங்கிருந்து வருகிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கிழமைக்குக் கிழமை கடன் கட்டுக்காசு வாங்க வீட்டுப் படலையில் வந்து நின்றவர்களை நாம் மறக்கவில்லை. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த நுண்கடனுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. 2022 தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களிலேயே 360ஐத் தொட்டது. நம் பட்டுச் சாரிகள் இந்தியாவிலிருந்து வருபவை. விலை ஏறியது, இறங்கவில்லை.

ஆம்பிளைப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். வன்னி வெயிலில், தகரக் கொட்டகைக்குக் கீழே, ஓமப் புகைக்குப் பக்கத்தில் ஒரு தம்பி கோட்டும் சூட்டும் போட்டு வியர்த்து வடிய நிற்கிறான். வேட்டியும் சால்வையும் அவனுக்கு எவ்வளவு சுகம்! இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். விளக்குப் பிடிக்கும் தோழிக்கும் ஓமத்துக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் பொலியெஸ்டர் துணி வேண்டாம். நெருப்புப் பட்டால் அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியோ அசல் பட்டோ உடுத்தட்டும். முந்தானையைத் தொங்கவிடாமல் மடித்துப் பின் குத்திவிடுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுத எனக்குக் கை நடுங்குகிறது. தோழிக்கு நிறம், தோழனுக்கு நிறம், மாமிமாருக்கு நிறம் என்று பார்த்துப் பார்த்துத் தீர்மானிக்கிறோம். பெற்ற தாய்க்கு என்ன நிறம் என்று எவரும் கேட்பதில்லை, அவர் கணவர் இல்லாதவர் என்றால். கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர் என்றால் இன்னும் கொடுமை. கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டவர்கள் எங்கே என்று கேட்டுப் போராட்டத்தில் உட்கார்ந்த அம்மாமாரும் மனைவிமாரும் இன்னும் விடை தேடுகிறார்கள். அவர்களிடம் பொட்டு வைக்கலாமா கூடாதா என்று சபை தீர்ப்புச் சொல்கிறது. அப்படி ஒரு தாய் என்னிடம் மங்கின சாம்பல் நிறச் சாரிக்குச் சட்டை தைக்க வந்தா. மகளின் கலியாணத்துக்கு. "நான் குசினிப் பக்கம்தானே நிற்கப் போறன்" என்றா. இரண்டு நாள் கழித்து மகள் வந்து அந்தத் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு, மாவிலைப்பச்சைப் பட்டு ஒன்றை என் மேசையில் வைத்தாள். "அம்மாவுக்கு இதைத் தையுங்கோ. தோழிமார் எல்லாரும் பச்சை. அம்மாவும் எங்களோட நிற்கட்டும்." அந்தச் சட்டையைப் போல ஆசையாக நான் எதையும் தைத்ததில்லை.

உங்கள் சங்கங்களிடம் நான் கேட்பது இதுதான். ஊரில் கலியாணம் என்றால் முதலில் அறிவது நீங்கள். அந்த வீட்டாரிடம் போய், தோழி யார் என்று தீர்மானித்தவுடன் அந்தப் பிள்ளையையும் தாயையும் இருத்திக் கதைக்கச் சொல்லுங்கள். என்ன இருக்கிறது, எது முடியும் என்று கேட்டுவிட்டு நிறத்தை முடிவெடுக்கட்டும். வெளிநாட்டு உறவுகளோடும் பேசுங்கள். அவர்கள் பொல்லாதவர்கள் இல்லை, இங்கே தோடு அடகுக்குப் போவது அவர்களுக்குத் தெரியாது.

அடுத்ததாக, ஒவ்வொரு சங்கத்திலும் ஒரு கலியாண அலுமாரி வையுங்கள். உடுத்தி முடித்த சாரி, பட்டு வேட்டி, சால்வை, தலைப்பாகை எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, தோய்த்து மடித்து, தேவைப்படும் பிள்ளைக்கு இரவலாகக் கொடுக்கலாம். பதிவுக் கொப்பியை இரண்டு பேர் மட்டும் பார்க்க வேண்டும். யார் எடுத்தது என்பது வெளியே வரக்கூடாது. சட்டை அளவு பொருந்தாதே என்று யோசிக்க வேண்டாம். பக்கத் தையலில் முன்துண்டுக்கும் பின்துண்டுக்கும் ஒவ்வொரு அங்குலம் கூடுதலாக உள்ளே விட்டுத் தைத்தால், 34 அங்குலச் சட்டையை 38 வரை பிரித்துக் கொடுக்கலாம். கையையும் அப்படியே செய்யலாம்.

என்னிடம் மூன்று பச்சைச் சாரிகளும் ஒரு மாம்பழ மஞ்சளும் இருக்கின்றன. எல்லாம் நல்ல நிலையில். அலுமாரி வைக்கும் முதல் சங்கத்துக்கு அவற்றைச் சட்டையோடு கொண்டுவந்து தருகிறேன். அலுமாரி உடுப்புக்குப் பிரித்துத் தைக்கக் கூலி வாங்க மாட்டேன். ஆனால் முகூர்த்தத்துக்கு ஐந்து நாளுக்கு முன்னாவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அளவு எடுக்க வேண்டும்.

அன்புடன்,
கிளிநொச்சி மாவட்டத்துத் தையற்காரி ஒருத்தி